கார்டிலிருந்து டிஸ்குக்கு

கேள்வி: கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மெமரி கார்டிலிருந்து ஹார்டு டிஸ்குக்குப் படங்களை ஏற்றுவதே பெரும்பாடு. விண்டோஸ் எக்ஸ்புளோரருக்குப் பதிலாக எதைப் போடலாம்?

பதில்: டபுள் கமாண்டர். ஓப்பன் சோர்ஸ், இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். இடப்பக்கம் கார்டு, வலப்பக்கம் டிஸ்க் என்று இரண்டுமே கண்ணெதிரே இருக்கும். எஃப்5 தட்டினால் நகல், எஃப்6 தட்டினால் இடமாற்றம். நீங்கள் எஃப்6 பக்கமே போக வேண்டாம். மறுபடி எடுக்க முடியாத படங்கள் அவை! நகல் எடுத்ததும் இரண்டு ஃபோல்டர்களையும் ஒப்பிடும் வசதியைத் திறந்து, உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. எல்லாம் ஒத்துப்போன பிறகே கார்டை அழியுங்கள். அப்புறம், கேமரா வைத்த பெயர்களை 'முகூர்த்தம் 001' என மொத்தமாக மாற்றவும் அதிலேயே வழி உண்டு.

நான் பயன்படுத்துவது இதே மாதிரியான டோட்டல் கமாண்டர். 1993 முதல் வருகிறது, அசைக்க முடியாத உறுதி. ஆனால் சோதனைக் காலம் முடிந்தால் பணம் கட்ட வேண்டும். ஒரே விண்டோவில் பல ஃபோல்டர்களைத் திறந்து வைக்கும் டேப் (tab) வசதி மட்டும் போதும் என்றால், விண்டோஸ் 11 எக்ஸ்புளோரரிலேயே 2022 முதல் இருக்கிறது.