மலைமேல் டிரோன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்யாண வீடுகளுக்கு போட்டோ, வீடியோ எடுப்பவன் நான். என் டிரோன் 249 கிராம்தான். 250க்குக் கீழே இருந்தால் எந்த அனுமதியும் வேண்டாம் என்கிறார்களே, ஊட்டிப் பக்கம் அவுட்டோர் ஷூட்டுக்குக் கொண்டு போகலாமா?
வாசகர், கோத்தகிரி

பதில்: பாதிதான் உண்மை. 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளது நேனோ வகை. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் கல்யாண ஆர்டர் என்றதும் ரொம்ப நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரியை மாட்டுவீர்கள், எடை 250ஐத் தாண்டும், தாண்டிய நிமிடமே அது அடுத்த வகையான மைக்ரோ, காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ஓட்டினால் சான்றிதழும் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். சிவப்பு மண்டலத்தில், அதாவது அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாத பகுதியில், எடைக்குச் சலுகையே கிடையாது. வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை பக்கமெல்லாம் டிரோனைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஹெலிகாப்டர்கள் தாழ்வாக வந்துபோகும் இடம் வேறு. பேசாமல் ஒரு தனியார் தேயிலைத் தோட்டம் பாருங்கள், உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள், எங்கே பறக்கலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தையும் அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். வரைபடத்தில் பச்சை என்று காட்டிய இடத்தில் விருந்தினர் ஒருவர் டிரோன் விட, வனத்துறையினர் வந்து நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசு சரி என்றதை இவர்கள் எப்படித் தடுக்கலாம்?
வாசகர், கொடைக்கானல்

பதில்: தடுக்கலாம். பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்க விமானத் துறையிடம் தனி அனுமதி கேட்க வேண்டாம் என்று அர்த்தம். வானத்துக்கு மட்டும்தான் அந்தப் பச்சை. நீங்கள் நிற்கிற தரை யாருடையது என்று அந்த வரைபடத்துக்குத் தெரியாது. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். அதற்குள் நுழையவும் படம் எடுக்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், டிரோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதுமலையிலும் முக்குர்த்தியிலும் இதே நிலைதான். வனத்துறையே யானையைத் தேட டிரோன் விடுகிறதே என்று கேட்பீர்கள். அது அவர்கள் வேலை. நம் டிரோன் பாறை இடுக்கில் கூடு கட்டியிருக்கும் மலைத்தேனீயைக் கிளப்பிவிட்டால் கொட்டு வாங்கப்போவது கீழே நிற்கிற சுற்றுலாக்காரர்கள்.

இன்னொன்றும் உண்டு. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத காவல் அதிகாரி, ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். சீசனில் வி.ஐ.பி. யாராவது மலையேறினால் நேற்றைய பச்சை இன்று சிவப்பாகியிருக்கும். விருந்தினர்களிடம் புக்கிங் போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 400 அடிதான் உச்சம் என்றால் மலையில் அதை எங்கிருந்து அளப்பது? நான் தொட்டபெட்டா உச்சியில் நின்றால் அதற்கு மேல் 400 அடியா?
வாசகர், ஊட்டி

பதில்: டிரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து. மலைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் கையில் இருக்கும் திரை காட்டுவது கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரத்தை. ஒரு பாறை விளிம்பில் நின்று பள்ளத்தாக்குப் பக்கம் நேராக ஓட்டினால் திரையில் 20 மீட்டர் என்றே இருக்கும், கீழே தரையோ 300 மீட்டர் இறங்கியிருக்கும், அப்போதே விதி மீறியாயிற்று. சரிவில் மேல்நோக்கி ஓட்டினால் நேர் எதிர், திரையில் 80 மீட்டர் என்று பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள், டிரோன் சில்வர் ஓக் மரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். தானாகத் திரும்பி வரும் வசதிக்கும் இதே கணக்குதான், நடுவில் ஒரு குன்று இருந்தால் அதன் உச்சியைவிட உயரமாகத் திரும்பும் உயரத்தை முன்கூட்டியே வைக்க வேண்டும்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைகள் வேகமாகச் சுற்றியாக வேண்டும், குளிர் வேறு, பேட்டரி சீக்கிரம் இறங்கும். பாதி இருக்கும்போதே திருப்பிவிடுங்கள். மூடுபனி வந்தால் யோசிக்கவே வேண்டாம், இறக்குங்கள். டிரோன் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், இந்தப் பனியில் எதிர்வீடே தெரியாது.

கேள்வி: அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான், அங்கே டிரோன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். டிரோனையும் கொண்டு வரலாமா?
வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். முழு டிரோனை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை, ஆராய்ச்சிக்கும் ராணுவத்துக்கும் பாதுகாப்புப் பணிக்கும் மட்டும்தான் விலக்கு. விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் படிவத்திலேயே டிரோனைக் குறிப்பிட வேண்டும், அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்கள். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. தந்த லைசென்ஸ் இங்கே செல்லாது, சான்றிதழ் தேவைப்படும் வேலைக்கு நம் விமானத் துறை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மையத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தரை வேறு, வானம் வேறு என்பது மட்டும் அவனுக்குப் புதிதாக இருக்காது: அங்கே வான்வெளி எஃப்.ஏ.ஏ. கையில், ஆனாலும் தேசியப் பூங்காக்களில் டிரோன் விடுவதை 2014லேயே பூங்காத் துறை தடுத்துவிட்டது. வீட்டு விசேஷத்துக்குப் படம் வேண்டுமென்றால் பதிவு எண்ணும் சான்றிதழும் வைத்திருக்கும் உள்ளூர் ஆபரேட்டர் ஒருவரை ஒரு நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள், எண்ணையும் சான்றிதழையும் முதலில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.