'இருவர்' படத்தில் அந்த நண்பர்கள் ஏன் பிரிகிறார்கள்?

மணிரத்னம் 1997இல் எடுத்த 'இருவர்' ஒரு நட்பின் கதை. ஆனந்தன் (மோகன்லால்) நடிகர், தமிழ்ச்செல்வன் (பிரகாஷ்ராஜ்) எழுத்தாளர். சினிமாவில் சேர்ந்து வளர்ந்து, ஒரே கட்சிக்கு உழைத்து, கடைசியில் எதிரெதிர் அணியில் நிற்கிறார்கள். துரோகம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திரையில் நல்லவனாகவே பார்த்த முகத்தை மக்கள் நேரிலும் அப்படியே நம்புவார்கள். இதைத்தான் பிம்பம் என்கிறோம். வசனத்தை எழுதியவர் ஒருவர், கைதட்டல் போய்ச் சேர்வது இன்னொருவருக்கு. கூட்டாக நடத்தும் ஓட்டலை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அடுப்படியில், ஒருவர் கல்லாவில். வியாபாரம் சின்னதாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பெரிதானதும் 'இது யார் கடை?' என்ற கேள்வி வந்துவிடும். கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு இவர்களுக்கும் அதே கேள்வி.

எம்.ஜி.ஆர்., கருணாநிதி வாழ்க்கையின் சாயல் படத்தில் தெளிவாகத் தெரியும். 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யில் கருணாநிதியின் வசனத்தை எம்.ஜி.ஆர். பேசினார். 1972இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினார், 1977இல் முதலமைச்சரானார். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் இது. அவர் நடிப்பில் தெரியும் மௌனமான ஏக்கத்துக்கு அது முழுக்கத் தகும்.

அப்புறம், இதை வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: ஆட்களின் பெயர்கள் மாற்றப்பட்டவை, காட்சிகளில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது.