கைப்பிரதி கொடுத்தோம், ஸ்டேஷனில் எழுதி வாங்கினார்கள்: இனி ஊழியமே செய்யக் கூடாதா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கொங்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபை சிறியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேராகப் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கைப்பிரதியும் (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) புதிய ஏற்பாடும் கொடுப்போம். போன மாதம் அப்படிப் போனபோது சிலர் வழிமறித்தார்கள். "மதம் மாத்த வந்தீங்களா?" என்று சத்தம் போட்டு, மொபைலில் வீடியோ எடுத்து, பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். போலீஸ் வந்து எங்களைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது. 62 வயதான என் அத்தையும் சாயங்காலம் வரை எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இனி இந்த ஊருக்குள் மதப் பிரசாரத்துக்கு வர மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

இனி வெளி ஊழியமே வேண்டாம் என்கிறார் பாஸ்டர். அரசு வேலைக்குத் தேர்வு எழுதியிருக்கும் என் மகனோ, "என் வேலைக்கு உலை வெச்சிட்டீங்களேப்பா" என்கிறான். வெள்ளிக்கிழமை வீட்டில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு எதிராகப் புகார் கொடுப்பேன் என்று பக்கத்து வீட்டுக்காரரும் கிளம்பியிருக்கிறார். சபை வாலிபர்கள் உத்தரப் பிரதேசத்துக்கு ஊழியப் பயணம் போவதாக இருந்தது, அதுவும் இப்போது கேள்விக்குறிதான். நாங்கள் செய்தது குற்றமா? கைப்பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: குற்றமில்லை. இதை முதலில் உங்கள் மகனிடமும் பாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்று மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று கிடையாது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு அதை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது, பிறகு சட்டமன்றத்திலும் நிறைவேறியது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்றதும், அந்த மே மாதத்திலேயே அதே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டம் போய்விட்டது, ஆனால் அதைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. வீடியோ எடுத்தவர்களும், உங்களை உட்கார வைத்தவர்களும், ஏன், உங்கள் பாஸ்டரும்கூட அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

நடப்பில் இருப்பது அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒரு மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. பரப்பும் உரிமை அதில் யதேச்சையாக வந்து சேர்ந்ததில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைச் சேர்க்கவே கூடாது என்று சிலர் வாதாடினார்கள். நம் சென்னை மாகாணத்திலிருந்து போன டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பல வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற அங்கே யாரும் முயலவில்லை என்றும் சொல்லி, அந்த உரிமை இருக்கட்டும் என்று பேசினார். விவாதித்து, வேண்டும் என்று முடிவெடுத்து வைத்த உரிமை இது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அது தெரியாமல் ஊழியத்துக்குப் போகக் கூடாது. மத்தியப் பிரதேச, ஒரிசா மதமாற்றத் தடைச் சட்டங்கள் செல்லுமா என்ற கேள்வி வந்தபோது, 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு போட்டது. உங்கள் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்ப உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொருவரை உங்கள் மதத்துக்கு மாற்றுவது உங்கள் அடிப்படை உரிமை ஆகாது. ஏனென்றால், மாறுவதா வேண்டாமா என்பது அந்த மனிதரின் மனசாட்சி சம்பந்தப்பட்டது. இந்தத் தீர்ப்பைக் குறை சொல்லும் சட்ட அறிஞர்கள் பலர் உண்டு, எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் இன்றுவரை அதுதான் சட்டம். நம் தரப்புக்கும் அதில் ஆதாரம் இருக்கிறது: சொல்வது உரிமை என்பதை அந்தத் தீர்ப்பு மறுக்கவில்லை. 2021 ஏப்ரலில் மதமாற்றத்துக்கு எதிராக ஒரு பொதுநல மனு வந்தபோது, 18 வயது தாண்டியவர் தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் யாரையும் மாற்றவில்லை. கையில் ஒரு தாள் கொடுத்தீர்கள். வேண்டாம் என்றவர்கள் வாங்காமல் போயிருப்பார்கள். அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்தத் தாள். அதை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் மூன்று பக்கத்தில் காணாமல் போன ஆட்டின் உவமை, ஒரு குடிகாரர் திருந்திய சாட்சி எல்லாம் நன்றாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், கொட்டை எழுத்தில், "பேசாத கல்லைக் கும்பிட்டு ஏமாறாதே" என்று ஒரு வரி. அதற்கும் கீழே, "ஜெபியுங்கள், புற்றுநோய் நிச்சயம் குணமாகும்".

இந்த இரண்டையும் அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள். முதல் வரியைப் படிப்பவர் தன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்வார், அவருக்கு வலிக்கும். சட்டமும் சும்மா இருக்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு (பழைய 295ஏ) வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் அது. அந்த எண்ணம் உங்களுக்கு இல்லை என்று கோர்ட்டில் வாதாடலாம், அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அதெல்லாம் பிறகு நடப்பது. எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு அந்த ஒரு வரி போதும். 2021இல் குமரி மாவட்டம் அருமனையில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் பாரத மாதாவையும் பூமாதேவியையும் கேலியாகப் பேசினார். அவர்மேல் போட்ட வழக்கில் சில பிரிவுகளை ரத்து செய்த மதுரை அமர்வு, மத உணர்வைப் புண்படுத்தியதற்கான பிரிவை 2022 ஜனவரியில் ரத்து செய்ய மறுத்துவிட்டது. உங்கள் இயேசுவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அடுத்தவர் சாமியைப் பற்றிப் பேசாமலே அதைச் செய்ய முடியும்.

புற்றுநோய் வரிக்கு 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரண விளம்பரங்கள் பற்றிய சட்டத்தை யாராவது கையில் எடுக்கலாம். அதைவிட எனக்குக் கவலை, அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்பதுதான். "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று போடுங்கள், அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

உத்தரப் பிரதேசப் பயணம் வேறு கதை. அங்கே 2021இல் கொண்டுவந்த சட்டத்தை 2024இல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். வற்புறுத்தல், மோசடி, ஆசை காட்டுதல் மூலம் மதம் மாற்றினால் குறைந்தது மூன்று, அதிகம் பத்து ஆண்டுகள், மாறியவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்தால் இன்னும் அதிகம். மதம் மாறுகிறவர் 60 நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒரு மாதம் முன்பு. ஆசை காட்டவில்லை என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். முன்பெல்லாம் பாதிக்கப்பட்டவரோ அவருடைய சொந்தக்காரரோதான் புகார் கொடுக்க முடியும், 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஜாமீனும் லேசில் கிடைக்காது.

கோர்ட்டுகள் அங்கே கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதும் உண்மை. பைபிள் கொடுப்பதும், நல்லது போதிப்பதும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்வதும் ஆசை காட்டுவதாகாது என்று 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில் சொன்னது. 2022 பெரிய வியாழனன்று பதேபூரில் ஒரு சபையில் கூடியதை வைத்துப் போட்ட வழக்கும், அதையொட்டி அடுக்கடுக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆர்.களும் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரை போய், பல ரத்தாயின. ஆனால் கணக்குப் பாருங்கள். 2022இல் தொடங்கியது 2025இல் முடிகிறது. நடுவே எத்தனை வாய்தா, எத்தனை ரயில் டிக்கெட்! மொழி தெரியாத ஊரில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வேண்டுமா? என் யோசனை: தனியாகக் கிளம்ப வேண்டாம். அங்கேயே பல காலமாக இருக்கிற சபையின் அழைப்பில், அவர்கள் சொல்கிறபடி, அவர்கள் கட்டடத்துக்குள் போய்வாருங்கள். சாப்பாடு, துணிமணி, நோட்டுப் புத்தகம் கொடுப்பதையும் வசனம் சொல்வதையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். ஞானஸ்நானத்தில் வாலிபர்கள் கையே வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் கூடி ஜெபிக்க யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் வீட்டை இடித்துக் கட்டி, பெயர்ப் பலகை மாட்டி, ஊருக்கெல்லாம் பொதுவான ஜெப வீடாக்கினால், வழிபாட்டு இடத்துக்குக் கலெக்டரின் முன் அனுமதி கேட்கும் கட்டட விதி வந்து நிற்கும். 1997 பஞ்சாயத்துக் கட்டட விதிகளிலேயே அது இருக்கிறது. வீடு எங்கே முடிகிறது, வழிபாட்டுத் தலம் எங்கே தொடங்குகிறது என்பதில் நம் உயர் நீதிமன்ற உத்தரவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் ஜெபத்தின் மேலா, சத்தத்தின் மேலா என்று விசாரித்தீர்களா? ஸ்பீக்கர் வைத்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், மைக்கும் டிரம்மும் வைத்து அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் கும்பிட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000ஆவது ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45தான் அளவு. ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, ஒரு நாள் நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பாதி புகார்கள் அந்தத் திண்ணைப் பேச்சிலேயே முடிந்துவிடும்.

இனி, நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அதுதான். உங்கள் சபை இன்று வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் எந்தச் சட்டப் பிரிவும் இல்லை, அந்தக் காகிதம்தான்.

அமைதிக்குப் பங்கம் வரும் என்று போலீஸ் நினைத்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின்படி (பழைய 107) ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பக்கத்தைக் கேட்டு, பிறகுதான் அமைதி காப்பதற்கான பிணைப் பத்திரம் வாங்க முடியும். அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் போகாது. ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவது அந்த வழி இல்லை. நாட்டுக்குள் எங்கும் போய்வர அரசியலமைப்பு கொடுத்த உரிமையை அப்படி ஒரு தாளில் எழுதி வாங்கிவிட முடியாது. அதை மீறி அந்த ஊருக்குப் போனால் அதற்கென்று தனியாகத் தண்டனை எதுவும் கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கூட்டம் சேர்ந்து சூடாகிவிட்ட நேரத்தில் "இப்போது இங்கிருந்து கிளம்புங்கள்" என்று போலீஸ் சொன்னால், அந்த நிமிஷம் கிளம்பிவிடுங்கள். அதற்குக் கீழ்ப்படியாதவரை அப்புறப்படுத்தவும் பிடித்து வைக்கவும் அதே சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு இப்போது போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. நியாயத்தை மறுநாள் எழுத்தில் கேட்கலாம்.

உங்கள் மகனின் பயத்துக்கு ஆதாரமில்லை. எஃப்.ஐ.ஆர். போடவில்லை, அதனால் வழக்கும் இல்லை. விண்ணப்பத்தில் "உங்கள்மீது வழக்கு உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்பதுதான் உண்மையான பதில். தவிர, ஊழியத்துக்குப் போனது நீங்கள், அவர் போகவில்லை. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அந்த ஸ்டேஷனின் எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையில் அன்று குற்றம் செய்தது எதிர்த்தரப்பு. வழியை மறிப்பது நியாய சன்ஹிதா 126இன்படி குற்றம், பையைப் பறிப்பது 304இன்படி. நீங்கள் கொடுக்க வேண்டிய புகார் இது. தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், பையில் எத்தனை புத்தகம் இருந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாரையும் திட்ட வேண்டாம். ஸ்டேஷனில் மனுவைக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)ஆம் பிரிவின்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. போன மாதம் நடந்தது என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். அத்தையை உட்கார வைத்ததையும் தனியாகக் குறிப்பிடுங்கள். விசாரணைக்குச் சாட்சியாக ஒரு பெண் தேவைப்பட்டாலும், 179ஆம் பிரிவின்படி போலீஸ்தான் அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

எஸ்.பி.யும் கண்டுகொள்ளாவிட்டால் 175(3)இன்படி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், பிரமாணப் பத்திரத்தோடு. மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அந்த அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். புகாரை அத்தையின் பெயரில் கொடுத்தால் இன்னும் நல்லது. பெண்களுக்கு வருமானச் சான்று எதுவும் கேட்காமல் அங்கே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.