டொம் பொம்படில் எங்கே போனார்?

கேள்வி: டோல்கீனின் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலை வரிவரியாக வாசித்தவன் நான். பீட்டர் ஜக்சனின் படங்களை இப்போதுதான் பார்த்து முடித்தேன். டொம் பொம்படிலைக் காணவே காணோம். ஃபரமியரின் குணத்தையே மாற்றிவிட்டார்கள். மூன்று படம் எடுத்தவர்களுக்கு, உள்ளதை உள்ளபடி எடுக்க என்ன கேடு?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கேடு ஒன்றுமில்லை, பார்க்கத்தான் ஆள் இருக்காது. பில்போ என்கிற குள்ள ஹொபிட்டின் பிறந்தநாள் விருந்து முடிந்து, மந்திரவாதி கண்டால்ஃப் திரும்பி வந்து, எல்லாரையும் ஆட்டுகிற அந்த மோதிரத்தின் பூர்வீகத்தைச் சொல்வதற்குள் நாவலில் 17 வருடம் ஓடிவிடுகிறது. சொல்வதும் எப்படி? கணப்பருகே உட்கார்ந்து ஓர் அத்தியாயம் முழுக்கப் பேச்சு. வாசிக்கச் சுகம்தான். தியேட்டரில் அப்படிப் பேசவிட்டால் பின்வரிசையில் கச்சான் கோது உடைகிற சத்தம்தான் கேட்கும். ஜக்சன் அந்தப் பூர்வீகத்தைப் படத் தொடக்கத்திலேயே, ஒரு பெண்குரல் கதை சொல்ல, சில நிமிடங்களில் காட்டி முடித்தார்.

நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடும்போது ஒரு கம்பத்தை நட்டு, அதுதான் கயிலை என்றால் ஒப்புக்கொள்கிறோம். பாசுபதம் எதற்கு என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஜக்சனின் பாடு அப்படியா? டிக்கட் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் நாவலைத் தொட்டதுகூட இல்லை. அவர்களுக்கு மோதிரம் வெறும் மோதிரம். அதைப் பார்த்து அவர்கள் பயப்பட வேண்டும். கமராவோ கம்பத்தைக் கம்பமாகத்தான் காட்டும். கண்டால்ஃபும் குள்ள ஹொபிட்டான ஃப்ரோடோவும் மேசையில் எதிரெதிரே இருக்கும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஒரு நடிகரைக் கமராவுக்குக் கிட்டவும் மற்றவரைத் தள்ளியும் இருத்தி, இரண்டாகப் பிரித்த மேசையை ஒன்றுபோலத் தெரியவைத்து, கமரா நகர்ந்தால் மேசைத் துண்டும் ஆளும் கூடவே நகரும்படி செய்து எடுத்தார்கள். ‘பாதி ஆள் உயரம்’ என்று எழுதியவருக்கு அது அரை வரி வேலை.

சரி, பொம்படில். போட்டவரை மறைத்துவிடுகிற மோதிரத்தை விரலில் போட்டும் மறையாத மனிதர். விளையாட்டுச் சாமான் மாதிரி அதை மேலே தூக்கிப் போடுகிறார். நாவலில் அழகான இடம். படத்திலோ பயத்தை அப்போதுதான் விதைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒருவர் வந்து மோதிரத்தை வைத்து வேடிக்கை காட்டினால், மிச்சம் இரண்டரைப் படத்துக்கு எவன் பயப்படுவான்? அவர் போனதே நல்லது.

மாற்றினாலே துரோகம் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் கொழும்புக்கு பஸ் ஏறினால் கித்துல்கல வழியாகத்தானே போகிறீர்கள்? 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக அங்கே நிஜமாகவே ஒரு பாலம் கட்டி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். மூலநாவலில் பாலம் தகர்வதே இல்லை. அதற்காக யாராவது பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருப்பார்களா?

ஃபரமியர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. வழியில் கிடந்தாலும் மோதிரத்தை எடுக்கமாட்டேன் என்கிறவர் நாவலின் ஃபரமியர். படத்தில் அதைத் தகப்பனிடம் கொண்டுபோகப் பார்க்கிறார். எல்லாரையும் ஆட்டுகிற மோதிரம் இவரிடம் மட்டும் பலிக்கவில்லையென்றால் அதன் பயம் போய்விடும் என்று எடுத்தவர்கள் கணக்குப் போட்டார்கள். பிழையான கணக்கு. அண்ணன் பொரமியர் ஆசைப்பட்டு அழிந்ததை முதல் படத்திலேயே பார்த்தாயிற்று. தம்பி மறுத்திருந்தால்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

வெட்டவே கூடாது என்று டோல்கீனே சொன்னதில்லை. 1958இல் ஒரு திரைக்கதை வரைவைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதிய கடிதத்தில், மரமனிதர்களான என்ட்களையும் ஹோர்ன்பர்க் கோட்டைச் சண்டையையும் விளங்கும்படி சொல்ல இடமில்லையென்றால் ஒன்றை விடுங்கள், விடுவதென்றால் சண்டையை விடுங்கள் என்கிறார். ஜக்சன் செய்தது தலைகீழ். அந்தச் சண்டைதான் இரண்டாவது படத்தின் உச்சக்கட்டமே. வரிவரியாக வாசித்த நீங்கள் இதைப்பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நேரம் தாராளமாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. டோல்கீனின் ‘த ஹொபிட்’ 1937இல் வந்த சின்னப் புத்தகம். 2012 தொடங்கி 2014 வரை அதை மூன்று படமாக இழுத்தார்கள். வெட்ட அவசியமில்லாமல் போகவே, நாவலில் இல்லாத ஒரு பெண்ணையும் அவளுக்கென ஒரு காதலையும் சேர்த்தார்கள். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.