கேள்வி – பதில்: நேர்முகத் தேர்வில் தமிழில் பேசலாமா?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியுள்ளேன். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசினால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறேன். எவ்வாறு தயாராவது?
– வாசகி, கரோல் பாக், புது டெல்லி

பதில்: அச்சம் வேண்டாம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் ஷாஜகான் சாலை தோல்பூர் இல்லத்தில் (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகம்) நடக்கும் நேர்முகத் தேர்விலும் தமிழிலேயே பேசலாம். அது சலுகையன்று, உரிமை. மொத்தம் 2025 மதிப்பெண்களில் 275 நேர்முகத் தேர்வுக்கு உரியவை என்பதால், தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசுவதைவிடத் தெளிவாகத் தமிழில் பேசுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், உங்கள் சொற்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே குழுவினரைச் சென்றடையும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதால், நீங்கள் வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போனால், அதை முடிக்கும்வரை அவர் காத்திருக்க நேரும். அதற்குள் பாதிக் கருத்து நழுவிவிடக்கூடும். எனவே சிறு வாக்கியங்களாகப் பேசி, இடைவெளி விடுங்கள். இருமொழியும் அறிந்த தோழி ஒருவரை அருகில் அமர்த்தி, உங்கள் விடைகளை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லச் செய்து, எது விடுபடுகிறது என்று கவனியுங்கள். 'நிதிப் பற்றாக்குறை' போன்ற கலைச்சொற்களுக்கு ஆங்கில இணைச்சொல்லையும் அறிந்திருங்கள்.

விரிவான விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய சொந்த ஊர், பட்டப்படிப்பு, பொழுதுபோக்கு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் கேள்வி எழக்கூடும் என்பதால், அதன் நகலை நாள்தோறும் படியுங்கள்.