மச்சாளின் பிள்ளைக்கு பற்றரிக் கார்

கேள்வி: புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். கணவருக்கு மேசன் வேலை, மாரியில் வேலை குறைவு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற குழுக்கடன் இரண்டு ஓடுது. அதில் ஒன்று, மூத்த மச்சாளின் பிள்ளை பிறந்த 31ஆம் நாள் சடங்குக்கு மோதிரம் போட எடுத்தது. இப்போது இளைய மச்சாளின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். "ஏறி ஓடுற பற்றரிக் கார் வாங்கிக் குடுங்கோ" என்று மாமி சொல்லிப்போட்டா. விலை 48,000 ரூபா. குழுவில் 50,000 தருவார்கள். எடுக்கட்டா, இல்லாட்டி சங்கிலியை அடைவு வைக்கட்டா?

பதில்: இரண்டும் வேண்டாம், தங்கச்சி.

கிழமைக்குக் கிழமை கட்டுகிற உங்களுக்குக் கடன் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வட்டி "20 வீதம்தான்" என்று கடன் தருகிறவர்கள் சொல்கிறார்களே, அதை மட்டும் ஒருக்கால் பிரித்துப் பார்ப்போம். 50,000க்கு 10,000 வட்டி. 52 கிழமை, கிழமைக்கு ஏறக்குறைய 1,155. முதலாம் கிழமையிலிருந்தே வட்டியோடு கடன் காசும் சேர்ந்து திரும்பிப் போகத் தொடங்குவதால், வருடம் முழுக்க உங்கள் கையில் சராசரியாக நிற்பது 25,000 அளவுதான். அதற்கு 10,000 என்றால் 40 வீதம் வருகிறது. மேசன் வேலை இல்லாத மாரிக் கிழமையிலும் அந்த 1,155 ரூபாவுக்கு லீவு கிடையாது. நீங்கள் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் போட வேண்டும். அவர்களுக்கும் மாமிமார் இருக்கினம்.

பிழை தொடங்கினது அந்த மோதிரத்தில். காசு எங்கிருந்து வந்தது என்று மாமிக்குத் தெரியாது, பிள்ளையின் விரலில் மின்னினது மட்டும் தெரியும். அதனால்தான் இந்தமுறை கார்.

அந்தக் காரின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக 3 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். ஒரு வயதுப் பிள்ளை காரை விட்டுவிட்டு அந்த மட்டைப் பெட்டிக்குள் ஏறி இருக்கும்!

தச்சரிடம் ஒரு நடைவண்டிலோ, நன்றாக அரத்தாள் போட்டுத் தேய்த்த பத்து மரக்கட்டைகளோ செய்வியுங்கள். கட்டை பிள்ளையின் வாய்க்குள் போகாத பருமனில் இருக்கட்டும். பெயின்ற் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிற மின்னும் பொம்மைகளையும் தொடாதீர்கள். பல பொம்மைகளுக்குள் பட்டன் பற்றரி இருக்கும். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடியது அது.

இதற்கிடையில் "பொம்மைக்குப் பதிலாகப் பிள்ளையின் பேரில் காப்புறுதி போடுங்கோ" என்று ஒருவர் வீட்டுக்கு வரக்கூடும். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடத்தில் கட்ட முடியாமல் விட்டால் போட்ட காசில் பெரும்பகுதி போய்விடும். கட்டாயம் காசாகத்தான் கொடுக்க வேண்டுமென்றால், பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் 2,000 போடுங்கள். அதைப் பொதுவாக 18 வயது வரை எடுக்க விடமாட்டார்கள் என்பதை மச்சாளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாமியிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம். அவவின் மகன் பேசட்டும், பிறந்தநாளுக்கு முதல்நாள் இல்லை, இந்தக் கிழமையே. மோதிரக் கடன் முடிகிற அன்று "இந்தமுறை கூடுதலாத் தாறம்" என்று அடுத்த படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடாமல் கடன் கட்டின கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.