99 ஆண்டுக் குத்தகையும் ‘விற்கக் கூடாது’ என்ற பழைய பத்திரமும்

கேள்வி: ஜெர்மனியில், மத்திய ரைன் பள்ளத்தாக்கில் ஒரு சிறு நகராட்சி தன் ஆற்றங்கரைக் கோட்டையின் ஒரு பகுதியை ஹோட்டல் நடத்த 99 ஆண்டு ‘எர்ப்பவ்ரெஹ்ட்’ உரிமையில், அதாவது பிறர் நிலத்தில் கட்டடம் வைத்துக்கொள்ளும் நீண்டகாலக் குத்தகை உரிமையில், எனக்குத் தர முன்வந்திருக்கிறது. சரிவில் உள்ள திராட்சைத் தோட்டமும் சேர்த்தி. 1920களில் ஒரு பிரபுக் குடும்பம் கோட்டையை ஊருக்குக் கொடுத்தபோது ‘விற்கக் கூடாது’ என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. 99 ஆண்டுக் குத்தகை என்பது விற்பனைதான், கோட்டையைத் திருப்பித் தரவேண்டும் என்று வாரிசு இப்போது கடிதம் எழுதியிருக்கிறார். நான் போடும் முதலுக்கு ஆபத்தா?

பதில்: இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போனதுண்டு. சங்க்ட் கோவார் நகரில் உள்ள ரைன்ஃபெல்ஸ் கோட்டை 1245-இல் காட்ஸென்எல்ன்போகன் பிரபுக்கள் கட்டியது. 1479-இல் அந்த வம்சம் அற்றுப்போனதும் ஹெஸ்ஸன் என்ற ஜெர்மன் சிற்றரசுக்குப் போனது. 1794-இல் பிரெஞ்சுப் படையிடம் சண்டையில்லாமல் விழுந்தது. பிறகு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1812-இல் உள்ளூர் வியாபாரி ஒருவர் இடிபாட்டை வாங்கினார். அதன் கற்கள் எஹ்ரன்பிரைட்ஸ்டைன் கோட்டை கட்டப் போயின. 1843-இல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம், பின்னாளில் பேரரசரானவர், அதை வாங்கினார். 1924-இல் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நகரத்துக்கு வந்தது. 1998-இல் நகரம் அங்குள்ள ஹோட்டலுக்கு 99 ஆண்டு உரிமை கொடுத்தது. ‘இது விற்பனைக்குச் சமம்’ என்று வில்ஹெல்மின் வம்சமான ஹோஹென்ஸோல்லெர்ன் குடும்பத்தின் தலைவர் தொடுத்த வழக்கை 2019 ஜூனில் கோப்லென்ஸ் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இரு தரப்பும் சமரசமாகப் போயின. கோட்டை இன்றும் நகரத்திடமே இருக்கிறது.

அதற்காக உங்கள் விஷயமும் அப்படியே முடியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரவர் பத்திர வாசகம் அவரவர்க்கு.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடலாம். 1794-க்கு முந்தைய பிரபு வம்ச வரலாறு உங்கள் வழக்குக்கு உதவாது. ரைனின் இடது கரை பிரான்சோடு சேர்ந்தபோது பெரும்பாலான பிரபு, திருச்சபைச் சொத்துகள் அரசுடைமையாகி ஏலத்துக்கு வந்தன. 1815-இல் பிரஷ்யா வந்த பிறகும் அங்கே பிரெஞ்சு சிவில் சட்டமே 1899 முடியும்வரை செல்லுபடியானது. 1900 ஜனவரி 1 முதல்தான் ஜெர்மன் சிவில் சட்டம். உங்கள் பத்திரம் 1920களைச் சேர்ந்தது, ஆகவே இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாரிசின் கடிதத்தில் எத்தனை தலைமுறை எழுதியிருந்தாலும் நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பத்திரத்தை மட்டுமே.

ஜெர்மன் சிவில் சட்டத்தின் 137-ஆம் பிரிவுப்படி, விற்கமாட்டேன் என்ற வாக்கு வாக்களித்தவரைக் கட்டும், நிலத்தைக் கட்டாது. நகராட்சி வாக்கை மீறினால் அது நகராட்சிக்கும் வாரிசுக்கும் இடையிலான கணக்கு. ‘மீறினால் தானாகவே எங்களிடம் திரும்பும்’ என்று எழுதியிருந்தாலும் பலிக்காது, ஏனென்றால் நிபந்தனை வைத்து நில உடைமையை மாற்றுவதை 925-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. திரும்பப் பெறும் உரிமையை மூன்றாவது ஆளுக்கு எதிராகவும் காப்பாற்ற வேண்டுமானால், ‘ஃபோர்மெர்குங்’ என்னும் முன்குறிப்பு நிலப்பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

ஆகவே பதிவேட்டின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். நம்மூர் வில்லங்கச் சான்றிதழ் காட்டும் விவரங்களில் அடமானம் தவிர்த்த பாரங்கள் அங்கேதான் இருக்கும். அடமானம் மூன்றாம் பகுதி. நகராட்சியின் எழுத்துமூல அனுமதியோடு பதிவேட்டு நகலை மட்டுமல்ல, பழைய பத்திரங்கள் கோக்கப்பட்ட ‘குருண்ட்அக்டே’ கோப்பையும் கேளுங்கள். பலர் நகலோடு நின்றுவிடுகிறார்கள்; விற்பனைத் தடை எந்தச் சொற்களில் இருக்கிறது என்பது கோப்பில்தான் தெரியும்.

முன்குறிப்பு இல்லையென்றால் வாரிசு வழக்கில் ஜெயித்தாலும் அவருக்குப் போவது உங்கள் உரிமை ஏறிய நிலம்தான். எர்ப்பவ்ரெஹ்ட் பதிவேட்டில் முதல் இடத்தில் மட்டுமே ஏற முடியும். ஏறியபின் நிலத்தின் உடைமை கைமாறினாலும் உங்களுக்கு மாறுவது குத்தகைப் பணம் வாங்குபவர்தான். முன்குறிப்பு ஏற்கெனவே இருந்தால் அதற்குரியவர் பின்னிடத்துக்கு இறங்கச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவரை உங்கள் உரிமை பதிவாகாது. அந்த நிலையில் ஒரு யூரோவும் கொடுக்காதீர்கள்.

என் கண்ணுக்கு வாரிசைவிடப் பெரிய ஆபத்து உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். இருக்கும் கட்டடம் உங்கள் உரிமையின் பகுதியாகிவிடும்; பழுது பார்ப்பதையும் பெரும்பாலும் உங்கள் தலையில் எழுதுவார்கள். நிபந்தனை மீறினால் உரிமையைத் திரும்பப் பெறும் ‘ஹைம்ஃபால்’ பிரிவும் இருக்கும். அதற்கு ஈடு தரவேண்டும் என்பது சட்டம், ஆனால் ஒப்பந்தம் போட்டு அதை இல்லாமல் செய்யலாம். ஹோட்டலுக்கு அப்படி எழுதினால் நீங்கள் புதுப்பித்த சுவரும் கூரையும் இலவசமாகப் போகும். சந்தை மதிப்பில் எவ்வளவு சதவீதம் என்று எண்ணாகவே எழுத வையுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் நகராட்சியின் சம்மதம் தேவை என்ற பிரிவும் சாதாரணம். அடமானச் சம்மதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வங்கி நகராது.

திராட்சைத் தோட்டத்தை இதில் சேர்க்காதீர்கள். எர்ப்பவ்ரெஹ்ட் கட்டடத்துக்கான உரிமை. அதைச் சுற்றிய நிலத்துக்கு விரிக்க வேண்டுமானால் பொருளாதார ரீதியில் கட்டடமே முதன்மையாக இருக்கவேண்டும். படிக்கட்டுத் தோட்டத்தைத் தனி விவசாயக் குத்தகையாக, எழுத்தில், எடுங்கள். சரிவின் கற்சுவர்களை யார் பழுதுபார்ப்பது என்று அதில் இருக்கட்டும். தோட்டத்தில் அதிகம் பணம் தின்பது அந்தச் சுவர்கள்தான்.

ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநிலத்தில் நில மாற்று வரி 5%. குத்தகைத் தொகையை மூலதனமாக்கிக் கணக்கிடுவார்கள்: ஆண்டுக்கு 20,000 யூரோ என்றால் 99 ஆண்டுக்குச் சுமார் 18.6 மடங்கு, அதாவது 3,72,000 யூரோ. வரி சுமார் 18,600 யூரோ. நோட்டரி, பதிவுச் செலவு தனி.

புராதனக் கட்டடப் புதுப்பிப்புச் செலவை முதல் 8 ஆண்டுகள் 9%, அடுத்த 4 ஆண்டுகள் 7% என வருமானத்தில் கழிக்கலாம். வேலை தொடங்கும் முன்பே புராதனக் கட்டடப் பாதுகாப்புத் துறையோடு பேசி முடித்திருக்கவேண்டும். சாரம் கட்டிய பிறகு போனால் இந்தக் கழிவுக்குத் தேவையான சான்றிதழ் கிடைக்காது. வாரிசின் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், நகராட்சி எழுதட்டும். வழக்கு வந்தால் செலவையும் இழப்பையும் நகராட்சி ஏற்கும் என்ற பிரிவைச் சேர்க்காமல் நோட்டரி முன் கையெழுத்துப் போடாதீர்கள்.